இனப்பகைமையைத் தண்டிக்கும் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கு என்ன தருகிறது?

கோலாலம்பூரில் வாடகைக்கு வீடு தேடும் தமிழர்களுக்குப் பழகிப்போன ஒரு வரி உண்டு: "இந்தியர்களுக்கு இல்லை." இணைய விளம்பரங்களில் சில வேளைகளில் அது வெளிப்படையாகவே இருக்கும். இல்லாவிட்டால், தொலைபேசியில் பெயரைக் கேட்ட பிறகு, காலையில் காலியாக இருந்த வீட்டுக்கு மாலையில் ஆள் வந்துவிட்டதாக முகவர் சொல்வார். அந்த வரியை எழுதிய வீட்டுக்காரர் மலேசியச் சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யவில்லை. அவரிடம் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுக்கவும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த விளம்பரத்தைப் படமெடுத்து முகநூலில் போட்டு, வீட்டுக்காரரின் இனத்தையே இழுத்து ஒருவர் நான்கு வரி ஏசினால், அவரை விசாரிக்கக் காவல் துறையின் கையில் தேச நிந்தனைச் சட்டம் இருக்கிறது, தண்டனைச் சட்டத்தின் 505ஆம் பிரிவு இருக்கிறது, தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவும் இருக்கிறது.

இந்த ஏற்றத்தாழ்வு தற்செயலாக வந்ததன்று. பல இனங்கள் வாழும் ஒரு நாட்டில் இனப்பகைமையைச் சட்டம் இரண்டு விதமாகப் பார்க்கலாம். அதைப் பொது அமைதிக்கு வந்த ஆபத்தாகப் பார்த்தால், குற்றம் அரசுக்கு எதிரானது. விசாரிப்பது காவல் துறை, வழக்குத் தொடுப்பது அரசுத் தரப்பு, தண்டனை அபராதம் அல்லது சிறை. அதையே ஒரு மனிதருக்கோ ஒரு சமூகத்துக்கோ இழைக்கப்பட்ட அநீதியாகப் பார்த்தால், பாதிக்கப்பட்டவர் தாமே வழக்காளியாகி, நிவாரணம் கேட்டு, தடையாணை பெற முடியும். மலேசியா முதல் வழியில் வெகு தூரம் நடந்துவிட்டது. இரண்டாவது வழியில் அரசியலமைப்பு போட்டுத் தந்த சில அடிகளுக்கு மேல் இன்னும் நகரவில்லை.

அந்த அடிகளை முதலில் பார்க்கலாம். கூட்டரசு அரசியலமைப்பின் 8ஆவது விதி, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பாலினம் ஆகியவற்றை மட்டுமே காரணமாகக் கொண்டு குடிமக்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 136ஆவது விதி, அரசுப் பணியில் ஒரே நிலையில் இருப்போரை இனம் பாராமல் நடுநிலையோடு நடத்த வேண்டும் என்கிறது. 152ஆவது விதி மலாயைத் தேசிய மொழியாக்கும் அதே மூச்சில், பிற மொழிகளை அதிகாரப்பூர்வ நோக்கங்களுக்கு அல்லாமல் பயன்படுத்துவதையும் கற்பதையும் கற்பிப்பதையும் எவரும் தடுக்க முடியாது என்கிறது. 153ஆவது விதி மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் பூர்வகுடிகளுக்கும் அரசுப் பணி, கல்வி உதவிநிதி, உரிமங்கள் ஆகியவற்றில் ஒதுக்கீடு செய்ய மாமன்னருக்கு அதிகாரம் தருகிறது. பிற சமூகங்களின் நியாயமான நலன்களைப் பேணும் பொறுப்பையும் அதே விதி அவரிடம் ஒப்படைக்கிறது. விடுதலைக்கு முன் அரசியலமைப்பை வரைந்த ரீட் ஆணையம், இந்தச் சிறப்பு ஏற்பாடுகளை 15 ஆண்டுகளுக்குப் பின் மறுஆய்வு செய்யலாம் என்று பரிந்துரைத்தது. இறுதி வடிவத்தில் அந்தக் காலவரம்பு இடம்பெறவில்லை.

இவ்வளவு இருந்தும் வாடகை வீட்டுக்காரரை ஏன் தொட முடியவில்லை? 8ஆவது விதி அரசை நோக்கிப் பேசுகிறது. தனியாரை நோக்கிப் பேசுவதில்லை. 2005இல் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் வழக்கில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. கருவுற்றதால் வேலை இழந்த விமானப் பணிப்பெண் ஒருவர் சமத்துவ உரிமையைக் கோரியபோது, அரசியலமைப்பு உரிமைகள் அரசும் அதன் அமைப்புகளும் மீறும்போது மட்டுமே எழுபவை என்றும், தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான ஒப்பந்தத்துக்குள் அவை நுழையா என்றும் நீதிமன்றம் முடிவு செய்தது. வழக்கு பாலினம் பற்றியது. அதன் நிழலோ வீட்டு வாடகை, தனியார் வேலை, தனியார் கல்லூரி என்று இனப் பாகுபாடு அன்றாடம் நடக்கும் எல்லா இடங்களிலும் விழுகிறது.

மறுபக்கம், பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டங்களுக்குப் பஞ்சமே இல்லை. தேச நிந்தனைச் சட்டம் 1948இல் பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்தது. அதன் 3(1)ஆவது பிரிவின் ஐந்தாவது கூறு, இனங்களுக்கும் வர்க்கங்களுக்கும் இடையே வெறுப்பையும் பகைமையையும் வளர்க்கும் தன்மை கொண்ட பேச்சைத் தேச நிந்தனை என வரையறுக்கிறது. 1969 மே 13 கலவரத்தில் அதிகாரப்பூர்வக் கணக்குப்படி 196 பேர் மாண்டனர். நாடாளுமன்றம் முடக்கப்பட்டு, 1971 பிப்ரவரியில்தான் மீண்டும் கூடியது. அந்த இடைவெளியில் இச்சட்டத்தில் புதிய கூறு ஒன்று சேர்ந்தது: குடியுரிமை, தேசிய மொழியும் பிற மொழிகளும், மலாய்க்காரர்களின் சிறப்பு நிலையும் பிற சமூகங்களின் நியாயமான நலன்களும், மாநில ஆட்சியாளர்களான சுல்தான்களின் இறையாண்மை ஆகிய நான்கையும் கேள்விக்கு உட்படுத்துவதும் தேச நிந்தனை. இதற்கு இடம் தரும் வகையில் 10ஆவது விதி திருத்தப்பட்டது. நாடாளுமன்றத்துக்குள் பேசினாலும் பாதுகாப்பில்லை என்று 63ஆவது விதியும் திருத்தப்பட்டது.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் இந்தச் சட்டத்தைத் தங்களுக்கு எதிரான ஆயுதமாகவே அறிவார்கள். அதன் தொடக்ககால வழக்குகளில் இரண்டு தமிழ்ப் பள்ளிகளைப் பற்றியவை என்பது அவ்வளவாக நினைவில் இல்லை. 1971இல் உத்துசான் மெலாயு நாளிதழ், ஒரு பேச்சைப் பற்றிய செய்திக்கு, நாட்டிலுள்ள தமிழ், சீனப் பள்ளிகளை ஒழிக்க வேண்டும் என்ற பொருளில் துணைத்தலைப்பு இட்டது. அது தேச நிந்தனைத் தன்மை கொண்டதென வழக்குத் தொடரப்பட்டது; மேலான் பின் அப்துல்லா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது அதைத்தான். அடுத்தது இன்னும் சுவையானது. 1978இல் சபாவைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் மார்க் கோடிங், சீன, தமிழ்ப் பள்ளிகளை மூட வேண்டும், பெயர்ப்பலகைகளில் அம்மொழிகளைக் கட்டுப்படுத்த வேண்டும், அதற்கு 152ஆவது விதி குறுக்கே நின்றால் அந்த விதியையே திருத்த வேண்டும் என்று அவையில் பேசினார். 1982இல் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பானது. எதற்காகக் குற்றவாளி என்பதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. பள்ளிகளை மூடச் சொன்னது குற்றமன்று. அரசியலமைப்பு காப்பது பிற மொழியைக் கற்பிப்பதையே தவிர, பிற மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்டு கற்பிப்பதை அன்று. 152ஆவது விதியைத் திருத்தச் சொன்னதுதான் குற்றம்.

அதாவது, அந்தச் சட்டம் கேள்விக்கு அப்பாற்பட்ட விதி ஒன்றுக்குக் காவல் நின்றது. தமிழ்ப் பள்ளிக்கு அன்று. பள்ளி பிழைத்ததா என்பது சட்டத்தின் கேள்வியாக இருக்கவே இல்லை. சிறுபான்மையினரைக் காப்பதற்கென்று தேச நிந்தனைச் சட்டத்தை ஆதரித்துப் பேசுவோர், நம்மவர்களிலும் உண்டு, இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

நடைமுறையில் இச்சட்டங்கள் இயங்கும் விதத்தைப் பார்க்க கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் போன்ற ஒரு காவல் நிலையத்துக்குப் போனால் போதும். ஒரு காணொளி பரவுகிறது; சமயத்தையோ இனத்தையோ யாரோ இழித்துப் பேசியிருக்கிறார். மறுநாள் இயக்கப் பொறுப்பாளர்கள் கூட்டமாக வந்து புகார் செய்கிறார்கள். முகப்பில் இருக்கும் காவலர் மலாயில் தட்டச்சு செய்ய, புகார் எண் இட்ட தாள் கைக்கு வருகிறது. வாசலில் அதைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டு கலைகிறார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்பதை 145ஆவது விதியின்படி சட்டத்துறைத் தலைவர் தம் விருப்புரிமையில் முடிவு செய்கிறார். புகார் செய்தவர் வழக்கில் ஒரு தரப்பு அல்லர். அதிகம் போனால் சாட்சி. ஒரு சமயத்தவரை ஏசியவர் இரண்டே வாரத்தில் நீதிமன்றம் ஏற, இன்னொரு சமயத்தவரை ஏசியவர் மீதான புகார்கள் ஆண்டுக் கணக்கில் விசாரணையிலேயே இருக்கின்றன என்ற குறை எல்லா இனத்தாரிடமும் உண்டு. ஆனால் அந்தக் குறையை நீதிமன்றத்தின் முன் வைத்து விளக்கம் கேட்கும் உரிமை அவர்களில் யாருக்கும் இல்லை. இதோடு தேச நிந்தனைச் சட்டத்தின் 3ஆவது பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: பேசியவரின் நோக்கம் என்ன என்பது பொருட்டன்று. வெறுப்பை மூட்டியவரும் வெறுப்பைப் பற்றி எழுதியவரும் ஒரே வலையில் விழக்கூடும். இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானதென்ற வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் அஸ்மி ஷாரோம் வழக்கில் தள்ளுபடி செய்தது. தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவுக்கு இருந்த 50,000 ரிங்கிட் உச்ச அபராதமோ 2025இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது.

பாதிக்கப்பட்ட தரப்பு தானே நீதிமன்றத்தில் நிற்க முடிந்த இடங்களில் கதை வேறு விதமாகப் போயிருக்கிறது. தாய்மொழிப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று சில மலாய், முஸ்லிம் அமைப்புகள் தொடுத்த வழக்கு இதற்குச் சான்று. பள்ளியும் பொது அதிகார அமைப்புதான், ஆகவே அங்கே தமிழையும் சீனத்தையும் பயன்படுத்துவது அதிகாரப்பூர்வ நோக்கத்துக்கான பயன்பாடுதான், ஆகவே அது கூடாது என்பது அவர்கள் வாதம். 1982இல் சீனமொழிப் பல்கலைக்கழகம் கேட்ட மெர்டேக்கா பல்கலைக்கழக வழக்கில் இதே வாதம் வென்றிருந்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றமும் 2022இல் கோத்தா பாரு உயர் நீதிமன்றமும் பள்ளிகள் விஷயத்தில் அதை ஏற்கவில்லை. தேசிய வகைப் பள்ளிகள் எனப்படும் தமிழ், சீனப் பள்ளிகள் பொது அதிகார அமைப்புகள் அல்ல என்றன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் ஒருமனதாக அதை உறுதி செய்தது. கூட்டரசு நீதிமன்றம் 2024இல் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. தமிழ்ப் பள்ளிகளின் தரப்பும் இவ்வழக்கில் வாதாடியது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் வெற்றியின் அளவையும் மறந்துவிடக் கூடாது. பள்ளிகள் இருப்பது முரணன்று என்றுதான் தீர்ப்பு. அவை இருந்தே ஆக வேண்டும் என்றன்று. 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளின் சட்ட அடித்தளம் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 17, 28ஆம் பிரிவுகளில் இருக்கிறது. அவற்றை மாற்ற நாடாளுமன்றத்தில் சாதாரணப் பெரும்பான்மை போதும்.

கோயில் நிலத்தில் நிலைமை இதைவிடச் சிக்கலானது. மஸ்ஜித் இந்தியா சாலையை ஒட்டிய தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் ஏறத்தாழ 130 ஆண்டு பழமையானது. அது நின்ற நிலத்தை மாநகர் மன்றம் 2014இல் ஒரு துணி நிறுவனத்துக்கு விற்றது. நிறுவனம் அங்கே பள்ளிவாசல் கட்ட விரும்பியது. 2025 மார்ச்சில் செய்தி வெளியானதும் நகரமே பரபரத்தது. பேச்சுவார்த்தையின் முடிவில் ஆலயம் ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளி வேறு நிலத்துக்கு மாற ஒப்புக்கொண்டது. மார்ச் 27இல் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டும் நிகழ்ச்சியில் பிரதமர் அன்வார் இப்ராஹிம் கலந்துகொண்டார். கலவரமில்லாமல் முடிந்ததைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2018 நவம்பரில் சீபீல்டு மாரியம்மன் கோயில் இடமாற்றம் வன்செயலில் போய் முடிந்து, காயமுற்ற தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் உயிரிழந்தார். 1998இல் பினாங்கு கம்போங் ராவாவில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் இடையிலான தகராறு தெருவுக்கு வந்தது. ஆயினும், மஸ்ஜித் இந்தியாவில் ஆலயத்தின் கையில் சட்ட உரிமை என்று என்ன இருந்தது என்று கேட்டால் பதில் ஏமாற்றமானது. தேசிய நிலச் சட்டம் பதிவுப் பட்டாவையே முடிவானதாகக் கொள்கிறது. அரசு நிலத்தில் எத்தனை தலைமுறை இருந்தாலும் இருப்பினால் உரிமை பிறக்காது என்று அதன் 48ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் நிலத்துக்கு 341ஆம் பிரிவு அதையே சொல்கிறது. ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் சமய நிறுவனங்களை நிறுவி, சொத்து வைத்து நிர்வகிக்கலாம் என்று அரசியலமைப்பின் 11ஆவது விதி சொன்னாலும், அந்தச் சொத்து எப்படிக் கிடைக்கும் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை.

நிலச் சட்டத்தில் இனம் என்ற பேச்சே கிடையாது. எல்லாருக்கும் ஒரே விதி. ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் துரையின் வாய்மொழி அனுமதியோடு பால்மரத் தொழிலாளர்கள் எழுப்பிய கோயிலுக்குப் பட்டா எங்கிருந்து வரும்? தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியானபோது, தொழிலாளர்களோடு சாமியும் அனுமதியற்ற குடியேறி ஆனது. "சட்டவிரோதக் கோயில்" என்று இன்று சமூக ஊடகங்களில் கூச்சலிடுவோர் சட்டப்படி பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டவிரோதம் எப்படி உண்டானது என்ற வரலாற்றைச் சட்டம் கேட்பதில்லை என்பதே நம் தரப்பின் வாதமாக இருக்க வேண்டும். உரிமைக்கான நிபந்தனைகளைப் பொதுவாக எழுதிவிட்டு, அவற்றை நிறைவேற்ற ஒரு சமூகத்துக்கு மட்டும் வாய்ப்பே இல்லாதிருந்தால், அதை மறைமுகப் பாகுபாடு என்று பல நாடுகளின் சட்டங்கள் இன்று ஏற்கின்றன.

இந்த மறைமுகத்தின் கொடுமையைத் தமிழர்கள் இலங்கையில் அனுபவித்தே தெரிந்துகொண்டார்கள். விடுதலையின்போது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆவது பிரிவு எந்தச் சமூகத்துக்கும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் எந்தச் சமூகத்தின் பெயரையும் சொல்லவில்லை. தந்தையோ பாட்டன் தலைமுறையோ இலங்கையில் பிறந்ததை மெய்ப்பிக்கச் சொன்னது. பிறப்புச் சான்றிதழே இல்லாத மலையகத் தோட்டத் தொழிலாளர்கள் இலட்சக் கணக்கில் நாடற்றவர்களாகி, வாக்குரிமையையும் இழந்தார்கள். கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கில் 1953இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில், சட்டத்தின் வாசகத்தில் பாகுபாடு இல்லை என்று கைவிரித்தது. 1972இல் 29ஆவது பிரிவே காணாமல் போனது. பின்னாளில், 2007இல், குடிசார் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையை நடைமுறைப்படுத்தவென்று இலங்கை ஒரு சட்டம் இயற்றியது. இன, சமய வெறுப்பைத் தூண்டுவதை அதன் 3ஆவது பிரிவு குற்றமாக்கியது. சிறுபான்மையினரைக் காக்க வந்த அந்தப் பிரிவின்கீழ் 2019இல் ஒரு சிங்கள எழுத்தாளர் தாம் எழுதிய சிறுகதைக்காகக் கைதானார்.

பிரிட்டனின் பாதை இதற்கு மாறானது. 1965இல் வந்த முதல் இன உறவுச் சட்டம் வெறுப்பைத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. ஆனால் தூண்டும் நோக்கம் மெய்ப்பிக்கப்பட வேண்டும். 1968இல் வீடும் வேலையும் சட்டத்துக்குள் வந்தன. 1976 முதல் பாதிக்கப்பட்டவர் எவர் அனுமதியும் கேளாமல் நேரே நீதிமன்றமோ தீர்ப்பாயமோ செல்லலாம் என்றானது. மறைமுகப் பாகுபாடு என்ற கருத்தும் அப்போதுதான் நுழைந்தது. அங்கே இனவெறி ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் வீடு மறுக்கப்பட்டவர் வழக்காளியாக நிற்க முடிகிறது.

மலேசியா அந்தத் திசையில் திரும்பப் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2012 ஜூலையில் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக், தேச நிந்தனைச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய நல்லிணக்கச் சட்டம் வரும் என்று அறிவித்தார். தேசிய ஒற்றுமை ஆலோசனை மன்றம் 2014இல் மூன்று மசோதா வரைவுகளை முன்வைத்தது: ஒன்று நல்லிணக்கம் பற்றியது, ஒன்று இன, சமய வெறுப்புக் குற்றங்கள் பற்றியது, மூன்றாவது அதற்கான ஆணையம் பற்றியது. அதே ஆண்டு நவம்பரில் தம் கட்சியான அம்னோவின் பேரவையில் பிரதமர் தம் வாக்குறுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 2018இல் ஆட்சி மாறியபின், எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையில் இணைவதாகப் புதிய அரசு சொன்னது. 153ஆவது விதிக்கு ஆபத்து என்று எதிர்ப்புக் கிளம்ப, நவம்பரில் அரசு பின்வாங்கியது. டிசம்பர் 8இல் தலைநகரில் நடந்த பெரும் பேரணி அதன்பின் வெற்றி விழாவாகவே மாறியது. பின்தங்கிய குழுவினருக்கான சிறப்பு நடவடிக்கைகளை அந்த உடன்படிக்கையின் முதல் விதியே அனுமதிக்கிறது, நோக்கம் நிறைவேறும் வரை என்ற வரம்போடு. அந்த வரம்புதான் உறுத்தியது என்பது என் கணிப்பு.

உரிமை வழக்கில் வென்றாலும் அது வீட்டு வாசலுக்கு வந்து சேருமா என்பது இன்னொரு கேள்வி. இஸ்லாத்தைத் தழுவிய கணவர் பிள்ளைகளையும் மதம் மாற்றியதை எதிர்த்து மலேசிய இந்துத் தாய் இந்திரா காந்தி தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29இல், பெற்றோரில் ஒருவரின் ஒப்புதலை மட்டும் கொண்டு பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றது. 121ஆவது விதியில் 1988இல் சேர்ந்த, ஷரியா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டவற்றில் சிவில் நீதிமன்றம் தலையிடாது என்ற விலக்கு, அரசு அமைப்புகளின் செயலைச் சிவில் நீதிமன்றம் ஆராய்வதைத் தடுக்காது என்றும் சொன்னது. அதற்கு முன்பே, 2016இல், தந்தையைக் கைது செய்யுமாறு காவல் துறைத் தலைவருக்கு அதே நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. தாயிடமிருந்து 2009இல் பிரிக்கப்பட்ட கைக்குழந்தை தீர்ப்புக்குப் பின்னும் பல ஆண்டுகளாக அவரிடம் வந்து சேரவில்லை.

153ஆவது விதியைத் தொடாமலேயே செய்யக்கூடிய மாற்றங்கள் உண்டு என்பதுதான் இந்த விவாதத்தில் அடிக்கடி காணாமல் போகும் செய்தி. அந்த விதியைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு மாநில ஆட்சியாளர்களின் மன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்; இன்றைய அரசியலில் அது நடக்கும் காரியமன்று. மனித உரிமை ஆணையமான சுஹாகாமை அமைத்த 1999ஆம் ஆண்டின் 597ஆவது சட்டம் அப்படிப்பட்டதன்று. அச்சட்டத்தின் 2ஆவது பிரிவு, மனித உரிமை என்பதை அரசியலமைப்பின் இரண்டாம் பாகத்தில் உள்ள அடிப்படை உரிமைகள் என்று சுருக்குகிறது. அந்த உரிமைகளோ அரசுக்கு எதிராக மட்டுமே செல்லுபடியாகும் என்பதை மேலே பார்த்தோம். ஆணையம் விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம். இழப்பீடு தர ஆணையிட முடியாது. இந்த வரையறையில் வீடு, வேலை, சேவைகள் ஆகியவற்றில் தனியார் காட்டும் இனப் பாகுபாட்டைச் சேர்த்து, ஆணையத்துக்குச் சமரச அதிகாரமும், சமரசம் முறிந்தால் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அதிகாரமும் தருவதற்கு ஒரு சாதாரணத் திருத்த மசோதா போதும். அதற்கு நாடாளுமன்றத்தில் அன்று வாக்களிப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் கை தூக்கினால் போதுமானது. எந்தச் சமூகத்தின் ஒதுக்கீட்டிலும் ஓர் இடம்கூடக் குறையாது.